காரைக்காலுக்கு ஒரு கைபேசித் தளம்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் கடையோ லாட்ஜோ நடத்துபவர் இணையத்துக்குள் நுழைந்ததும் முதலில் தடுக்கி விழும் இடம் ‘மாநிலம்’ என்ற கட்டம்தான். அஞ்சல் குறியீடு 609602 என்று போட்டால், 609 தமிழ்நாட்டு வரிசையில் வருவதால், சில படிவங்கள் தாமாகவே ‘தமிழ்நாடு’ என்று நிரப்பிக்கொள்ளும். வண்டிப் பதிவு எண்ணோ பிஒய் 02. தொலைத்தொடர்பு வட்டம் தமிழ்நாடு, ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு புதுச்சேரியின் 34. வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம், மேற்கே திருவாரூர் பக்கம், கிழக்கே கடல். நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டரில், 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர் இது.

சென்னைக்கோ கோவைக்கோ எழுதிய இணைய விளம்பரப் பாடங்களை அப்படியே இங்கே போட்டால் பொருந்தாமல் போவதற்கு இந்த எல்லைக் கோடுகளே காரணம். மென்பொருள் பார்ப்பது நிர்வாக வரைபடத்தை. வாடிக்கையாளர் பேருந்து போகும் வழியில் வருகிறார். நாகூரிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் பாரதியார் சாலைக்குத் துணி எடுக்க வருகிறவர் தாம் ஒரு யூனியன் பிரதேசத்துக்குள் நுழைகிறோம் என்று நினைப்பதில்லை, பெட்ரோல் பங்கில் விலைப்பலகையைப் பார்க்கும்போது தவிர. (மதுக்கடைகளை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. விளம்பரமே இல்லாமல் எல்லை தாண்டி ஆளை வரவழைக்கும் தொழிலுக்கு இந்த நூல் தேவைப்படாது.)

ஆகவே தளத்தை வடிவமைக்கும் முன் தீர்மானிக்க வேண்டியது, அதைத் திறக்கிறவர் யார், எங்கே நின்றுகொண்டு திறக்கிறார் என்பது. காரைக்காலில் பெரும்பாலும் மூன்று பேர். திருநள்ளாற்றுக்கு வரும் பக்தர், பக்கத்து ஊர்களிலிருந்து வாங்க வருபவர், பிரான்ஸில் இருக்கும் உறவினர். உள்ளூர்க்காரருக்காகத் தளம் கட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து. அவருக்கு உங்கள் கடை தெரியும். வாட்ஸ்அப்பில் விலையைக் கேட்டுக்கொள்வார்.

பக்தருக்கான பக்கம்

திருநள்ளாறு காரைக்கால் நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர். சனி பகவான் சந்நிதி உள்ள தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் கூட்டம் வரும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வண்டி பிடித்து வருவார்கள். சனி ராசி மாறும் சனிப்பெயர்ச்சியன்று லட்சக்கணக்கில் திரளுவார்கள். இவர்கள் எல்லாரும் கையில் போனோடு வருகிறார்கள், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே தேடுகிறார்கள்.

இங்கே ஒரு லாட்ஜ் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான லாட்ஜ் தளங்களில் முதல் திரை முழுவதும் கட்டடத்தின் படமும் ‘தங்கள் வருகைக்கு நல்வரவு’ என்ற வாசகமுமாக இருக்கும். வண்டியில் இருப்பவருக்கு இரண்டும் உதவாது. அவர் கேட்பது வேறு. கோயிலுக்கு நடந்து போகலாமா? நளன் குளத்தில் குளித்துவிட்டு வந்து துணி மாற்ற இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ரூம் கிடைக்குமா? வெந்நீர் எத்தனை மணிக்கு? டெம்போ டிராவலர் நிறுத்த இடம் உண்டா? சனிக்கிழமை வாடகை கூடுமா? இவற்றுக்கு விரலால் தள்ளாமலே தெரியும்படி முதல் திரையில் பதில் இருக்க வேண்டும், அதன் கீழே ‘போன் பண்ண’ என்ற பொத்தான். கட்டடத்தின் படம் பிறகு வரட்டும். முதலில் காட்ட வேண்டியது குளியலறையின் படம். குளித்து முழுகி வருபவர்கள் அறை பிடிக்கும் ஊரில் அறையை விற்பது அதுதான்.

முகவரியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. முகவரியின் கடைசியில் ‘புதுச்சேரி’ என்று வரும். வெளி மாநிலத்தார் அதைப் புதுச்சேரி நகரம் என்று படித்துக்கொள்வார்கள். அந்த நகரம் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். நகரத்தில் ரூம் போட்டுவிட்டு ‘கோயில் எந்தப் பக்கம்’ என்று கேட்கிறவரும், காரைக்கால் அறையைப் பார்த்துவிட்டு ‘அரவிந்தர் ஆசிரமம் எவ்வளவு தூரம்’ என்று கேட்கிறவரும் இந்த ஒரு சொல்லால்தான் தடுமாறுகிறார்கள். எனவே பக்கத்தின் தலைப்பிலேயே ‘திருநள்ளாறு கோயில் அருகில்’ என்று போடுங்கள். வரைபடக் குறியை லாட்ஜின் வாசலில் வையுங்கள், தெரு முனையில் அல்ல. விழா நாட்களில் எந்தச் சாலை அடைபடும், வண்டியை எங்கே விட்டுவிட்டு நடக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

தேதி விஷயம் இன்னும் முக்கியமானது. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று ஜோதிடப் பக்கங்களும் காணொளிகளும் பரவலாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அது திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கணக்கு. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அந்தக் கணக்கில் 2023 டிசம்பர் 20க்குப் பிறகு அடுத்த பெயர்ச்சி 2026 மார்ச் 6. ‘2025இல் இங்கே பெயர்ச்சி விழா இல்லை’ என்று கோயில் நிர்வாகமே விளக்கம் தர வேண்டியதாயிற்று. இத்தகைய நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் போனில் தட்டுவது ‘பெயர்ச்சி எப்போது’ என்ற ஒரே கேள்வியைத்தான். ஊரில் இருக்கும் லாட்ஜ்காரருக்கு விடை தெரியும். அதைத் தன் தளத்தில் தனிப் பக்கமாக, முதல் இரண்டு வரியில் தேதி, அடுத்த வரியில் எந்தப் பஞ்சாங்கம், அதற்கடுத்து அறை நிலவரம் என்று எழுதி வைக்க அவருக்குக் கால் மணி நேரம் போதும். விளம்பரக் காசு கொடுத்தாலும் கிடைக்காத வருகை இது. பெயர்ச்சி முடிந்த மறுநாளே அந்தப் பக்கத்தைத் திருத்த மறக்காதீர்கள். போன பெயர்ச்சியின் நல்வரவு இன்னமும் தொங்கும் தளத்தைப் பார்ப்பவர் லாட்ஜ் நடக்கிறதா என்றே சந்தேகப்படுவார்.

தெலுங்கில் ஒரு பக்கம் வையுங்கள். இயந்திரத்தை நம்பி முழுத் தளத்தையும் மொழிமாற்ற வேண்டாம். தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு அந்த ஒரே பக்கத்தை ஒழுங்காக எழுதி வாங்குங்கள். அதில் போடும் எண்ணை எடுப்பவருக்குத் தெலுங்கு தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் இருந்தும் பயனில்லை.

முன்பணம் வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் ஊர்களில் போலித் தளம் நடத்தி அறை முன்பணத்தைச் சுருட்டுகிறவர்கள் உண்டு என்பது பக்தர்களுக்குத் தெரியும். பணம் போகும் கணக்கின் பெயரும் லாட்ஜ் பலகையின் பெயரும் ஒன்றாக இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். அடுத்தது, கைபேசிப் பக்கத்தில் கியூஆர் படத்தைப் போட்டு ‘ஸ்கேன் செய்யவும்’ என்று எழுதும் வழக்கம். தன் போனில் தெரியும் படத்தை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது? ஸ்கிரீன்ஷாட் எடுத்து யுபிஐ செயலிக்குள் ஏற்றச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். தட்டினால் யுபிஐ செயலியை நேரே திறக்கும் இணைப்பு வேண்டும். அதைக் கட்டணச் சேவை நிறுவனம் ஒன்றின் வழியாக வாங்குவது நல்லது. சொந்த ஐடியை வைத்து நாமே கட்டும் இணைப்பைச் சில செயலிகள் பாதுகாப்புக் கருதி மறுத்துவிடும்.

எடையும் எழுத்தும்

கூகுள் தன் தேடலுக்கு இப்போது எடுத்துக்கொள்வது தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான். 2016இல் அறிவித்து, படிப்படியாகச் செய்து, 2023இல் முடித்தார்கள். கணினித் திரைக்குச் செய்துவிட்டுப் பிறகு கைபேசிக்குச் சுருக்குவது பழைய முறை. முதலில் கைபேசிக்குச் செய்யுங்கள், கணினியில் அது எப்படியும் தெரியும்.

பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். சனிக்கிழமை காலை ஒரே கைபேசிக் கோபுரத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் தொங்கும் திருநள்ளாற்றில் அந்த இரண்டரை நொடி சுலபமல்ல. போனில் எடுத்த படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். அதை வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றி 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். தானாக ஓடும் காணொளி, சறுக்கி நகரும் படவரிசை, பனி கொட்டுவதுபோல் பூக்கொட்டும் அலங்காரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தளம் செய்து தருபவர் வருத்தப்படுவார், பரவாயில்லை.

அச்சகத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கச் செய்த வடிவத்தையே தளத்தின் முகப்பில் படமாக ஒட்டுவது நம் பக்கத்தில் பெருவழக்கம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்காது, சின்னத் திரையில் மனிதர்களாலும் படிக்க முடியாது, அதிலுள்ள தொலைபேசி எண்ணைத் தட்டினால் அழைப்பும் போகாது. அச்சகத்திலிருந்து எழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அது தளத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக உளறும். யூனிகோடில் திரும்ப அடித்தோ மாற்றியோ வாங்குங்கள்.

தமிழ் எழுத்துக்கு அகலமும் வேண்டும், உயரமும் வேண்டும். ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல்வரி எழுத்தின் கீழ்விலங்கும் கீழ்வரி எழுத்தின் மேல்விலங்கும் மோதும். எழுத்தின் அளவைப்போல் 1.6 மடங்காவது வரி உயரம் வையுங்கள். எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வெளிர்சாம்பல் எழுத்து அலுவலகக் குளிரறையில் அழகாகத் தெரியும், பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றுமே தெரியாது. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள், அவ்வளவுதான். எழுத்துருவைத் தனியாக ஏற்றாமல் போனில் உள்ளதையே பயன்படுத்தினால் எடையும் மிச்சம்.

பொத்தானில் மக்கள் பேசும் சொல்லைப் போடுங்கள். ‘அறை முன்பதிவிற்கு இங்கே சொடுக்கவும்’ என்பது பொத்தானுக்குள் அடங்காமல் மூன்று வரியாக உடையும். ‘ரூம் புக் பண்ண’ போதும். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013இல் பொது இடங்களில் 1,333 பேரைக் கவனித்துப் பார்த்ததில், திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போனை ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் இயக்கினார்கள். நம் ஊரில் இன்னொரு கையில் அர்ச்சனைத் தட்டோ குழந்தையோ இருக்கும். பொத்தான்கள் திரையின் கீழ்ப்பகுதியில், விரல் படும் அளவுக்குப் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கட்டும்.

தளத்தின் முகவரி உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். கூகுள் தன் கடை விவரப் பக்கத்தோடு இலவசமாகத் தந்துவந்த தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பிசினஸ்.சைட் என்று முடியும் முகவரியைக் கார்டிலும் பலகையிலும் அடித்திருந்த சிறு கடைகளுக்கு, சில மாதங்களில் அந்த முகவரி எங்கும் போகாததாயிற்று. கூகுள் வரைபடத்தில் கடை இருப்பது அவசியம்தான். ஆனால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கட்டி ஒரு டாட் இன் பெயரையும் வாங்கிவிடுங்கள், வாங்கும்போது தளம் செய்பவரின் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதியச் சொல்லுங்கள்.

விளம்பரம் எங்கே போகிறது

விளம்பர மேடையில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘புதுச்சேரி’ என்று தட்டாதீர்கள். யூனியன் பிரதேசம் முழுவதும் தேர்வானால், கேரளக் கரையில் மலையாளம் பேசும் மாஹேயும், கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசும் ஏனாமும், தொலைவிலுள்ள புதுச்சேரி நகரமும் சேர்ந்துவிடும். உங்கள் ஆடித் தள்ளுபடியை ஏனாமில் ஒருவர் பார்த்து என்ன செய்வார்? இருபது கிலோமீட்டரில் இருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கோ அது போகவே போகாது, அவர் தமிழ்நாடு.

இடப்பெயரைத் தட்டாமல் கடையை மையமாக வைத்து வட்டம் போடுங்கள். இருபத்தைந்து கிலோமீட்டர் போட்டால் நாகூர், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, பேரளம் எல்லாம் உள்ளே வரும். வட்டத்தில் கிட்டத்தட்ட பாதி வங்கக் கடல். கடலில் ஆளில்லை என்பதால் காசு போகாது. ஆனால் உள்நாட்டு ஊர் ஒன்றில் அதே வட்டம் தரும் ஆள் எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கூகுள் விளம்பரத்தில் இன்னொரு அமைப்பு கண்ணில் படாமல் கிடக்கும். அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டவா, அந்த இடத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் காட்டவா என்பது அது. வழக்கமாக இரண்டாவதுதான் தேர்வாகியிருக்கும். துணிக்கடைக்கு முதலாவது சரி. லாட்ஜுக்கு நேர்மாறு. அறை தேடுபவர் விஜயவாடாவிலோ பெங்களூரிலோ வீட்டில் உட்கார்ந்து தேடுகிறார், காரைக்காலில் இருப்பவருக்கு லாட்ஜ் எதற்கு? இந்த ஒரு பொத்தானைச் சரியாக வைத்தாலே சிறிய விளம்பரச் செலவில் வீணாவது பெரிதும் குறையும்.

நாட்காட்டியை ஊரிலிருந்து எடுங்கள். திருநள்ளாற்று விளம்பரத்துக்கு வியாழன், வெள்ளி மாலைகள். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா ஆனி மாதத்தில். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் 8 வரை மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரைக்கால் வழியாகவே நடந்தும் வண்டியிலும் போகிறார்கள். கால்வலித் தைலமும் குடிநீரும் இளைப்பாற இடமும் அப்போது தேடப்படும். நாகூர் தர்காவின் கந்தூரி விழா ஹிஜ்ரி ஆண்டைப் பின்பற்றுவதால் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். போன ஆண்டு விளம்பரத்தை அதே தேதிக்கு நகலெடுத்தால் விழா முடிந்தபின் ஓடும். மீன் விற்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் விளம்பரத்தை நிறுத்தி வைக்கலாம். அல்லது அந்த நாட்களில் கருவாட்டை முன்னே கொண்டுவரலாம்.

செய்தி அனுப்புவது

வாட்ஸ்அப் பிசினஸில் ஒலிபரப்புப் பட்டியலுக்கு 256 பேர் வரம்பு. அதைவிடப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். எனவே பில் போடும் மேசையிலேயே ‘நம்ம நம்பரை சேவ் பண்ணிக்குங்க அக்கா, புது ஸ்டாக் வந்தா படம் அனுப்புறோம்’ என்று கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய ஐம்பது எண், எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய ஐயாயிரம் எண்ணைவிட மேல். அனுமதி இல்லாமல் அனுப்பினால் ‘ஸ்பேம்’ என்று தட்டிவிடுவார்கள், நாலைந்து பேர் தட்டினாலும் எண்ணே முடங்கும் ஆபத்து உண்டு.

எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி நிறுவனப் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டிப் பதிய வேண்டும். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான், ஆங்கில எழுத்தில் 160. குறி என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல. ‘காரைக்கால்’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி. காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். நீண்ட வாழ்த்தோடு தொடங்கினால் விலை சொல்வதற்குள் இரண்டாவது செய்தியின் கட்டணம் ஏறிவிடும்.

பிரான்ஸிலிருந்து பார்ப்பவர்

1954 வரை பிரெஞ்சு ஆட்சி, 1962இல் சட்டப்படியான ஒப்படைப்பு. அந்தத் தொடர்ச்சியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் வாழும் காரைக்கால் குடும்பங்கள் பல. கல்யாண மண்டபம், நகை, வீட்டுமனை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மருந்து, மளிகை என்று இவர்கள் தேடுவது விலை கூடிய வியாபாரம். ஆனால் நம் படிவங்கள் பத்து இலக்க எண்ணைத்தான் ஏற்கும். +33இல் தொடங்கும் எண்ணை ‘தவறு’ என்று சிவப்பில் காட்டும். நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வழி வையுங்கள், வாட்ஸ்அப் பொத்தானை முன்னே வையுங்கள். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. இங்கே இரவு பத்தரைக்குக் கடையை மூடும்போதுதான் அங்கே வேலை முடிந்து வீடு திரும்புகிறார்கள். ‘காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை அழைக்கவும்’ என்பதோடு, எந்த ஊர் நேரம் என்றும் எழுதுங்கள்.

பார்சல் அனுப்பும் முன்

தளத்தில் ‘ஆர்டர்’ பொத்தான் வைப்பவர் வரி விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்கு வந்து தரங்கம்பாடிக்காரர் சேலை எடுத்துப் போவது ஒன்று. அதே சேலையை அவர் வீட்டுக்கு நீங்கள் பார்சல் போட்டால் அது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் விற்பனை, தூரம் பதினைந்து கிலோமீட்டர்தான் என்றாலும். வரிக்குரிய சரக்கை அப்படி அனுப்ப, விற்பனை எவ்வளவு குறைவானாலும், பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உள்ளூர் விற்பனைக்கே பல மாநிலங்களில் 40 லட்ச ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்றிருக்க, புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். தமிழ்நாட்டு வணிகருக்காக எழுதிய காணொளியைப் பார்த்து முடிவெடுக்காமல் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். பதிவு இல்லாதவரை ‘கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்று தளத்தில் போடுவது பாதுகாப்பு.

கடைசியாக மீண்டும் விளம்பரத்துக்கு வருகிறேன். எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்று அறிய விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் இணைப்பில், தட்டியதும் தானாக நிரம்பும் வாசகத்தை நாமே வைக்கலாம். கூகுள் விளம்பரத்துக்கு ‘சனிக்கிழமை ரூம் வேண்டும்’, இன்ஸ்டாகிராமுக்கு ‘ரூம் படம் அனுப்புங்கள்’, தெலுங்குப் பக்கத்துக்குத் தெலுங்கு வரி. வரும் செய்தியின் முதல் வரியே எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடும். அவற்றுக்குத் தனித்தனி நிறத்தில் லேபிள் போட்டு, மாதக் கடைசியில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வந்து தங்கினார்கள் என்று நோட்டில் குறியுங்கள். கேட்டவர் நிறைய, வந்தவர் குறைவு என்றால் குறை விளம்பரத்தில் இல்லை. பதில் எத்தனை மணி நேரம் கழித்துப் போனது என்று பாருங்கள்.